நடுநிலைப் பள்ளித் தோட்டத்தில் நீடித்த வேளாண்மையைக் கற்பிப்பது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குத் தோட்டம் புதிதல்ல. ஊர்ப்புறப் பள்ளிகள் பலவற்றில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு முருங்கையும், கைகழுவும் தண்ணீர் ஓடும் வழியில் இரண்டு வாழையும், அடிபம்பின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையும் நிற்பதைக் காணலாம். பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட பிறகு, பாத்தி கட்டிக் காய்கறி பயிரிட விரும்பும் ஆசிரியர்களுக்கு அரசின் துணையும் கிடைத்திருக்கிறது. இருந்தும், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்ய, மாணவர்கள் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதோடு நின்றுவிடும் தோட்டம், காய் கொடுக்குமே தவிர வேளாண்மையைக் கற்றுக்கொடுக்காது.

நீடித்த வேளாண்மை என்றால் என்ன என்பதை 12 வயது மாணவருக்கு விளங்க வைக்க ஒரு நேரான வழி உண்டு. தோட்டத்துக்குள் வெளியிலிருந்து என்னென்ன வந்தன, தோட்டத்திலிருந்து என்னென்ன வெளியே போயின, போனவற்றில் எவ்வளவு மீண்டும் மண்ணுக்கே திரும்பியது என்ற கணக்கை அவரையே எழுதச் சொல்வதுதான் அது. கடையில் வாங்கிய விதை, வண்டியில் வந்த தொழுவுரம், குழாயிலிருந்து எடுத்த தண்ணீர் ஆகியவை வரவு. பறித்த காய், வீணான இலை, வடிந்து போன மழைநீர் ஆகியவை செலவு. ஆண்டுக்கு ஆண்டு வரவுப் பக்கம் சுருங்க வேண்டும், அதே சமயம் விளைச்சல் குறையக் கூடாது. இந்தக் கணக்கு நோட்டு ஒன்றே இங்கு சொல்லப்போகும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படை. அதை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும்.

இடமும் பாத்தியும்

மூன்று சென்ட் நிலம் தாராளம். ஒரு சென்ட் இருந்தாலும் நான்கைந்து பாத்திகள் போட்டுத் தொடங்கலாம். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். இதை ஆசிரியர் ஊகித்துச் சொல்வதைவிட, ஆறாம் வகுப்பு மாணவர்கள் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கு ஒருமுறை கட்டட நிழலின் விளிம்பைச் சுண்ணாம்பால் குறித்து, நிழல் படாத பகுதியைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஆடு மாடு புகாத வேலியும், தண்ணீர் எட்டும் தூரமும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை. வேலிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவையும் ஊராட்சியையும் நாடலாம்.

பாத்தியின் அகலம் மூன்று அடிக்கு மேல் போக வேண்டாம். பெரியவர்கள் நான்கடிப் பாத்தியில் வேலை செய்வார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை இரு பக்கத்திலிருந்தும் நடுவரை எட்ட வேண்டுமானால் மூன்றடிதான் சரி. கை எட்டாவிட்டால் பிள்ளைகள் பாத்திக்குள் கால் வைப்பார்கள், மண் இறுகிவிடும். நீளம் பத்தடி, நடைபாதை ஒன்றரை அடி, உயரம் அரை அடி என்று அமைத்தால் வடகிழக்குப் பருவமழையின்போது வேர் அழுகாமல் தண்ணீர் வடியும். இங்கேயே கணிதப் பாடமும் வந்துவிடுகிறது: பத்தடிக்கு மூன்றடி என்பது ஏறத்தாழ 3 மீட்டருக்கு 0.9 மீட்டர், வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு பாத்தியில் 20 செடிகள் நிற்கும். அதற்கு எத்தனை விதை வேண்டும் என்பதை முளைப்புத்திறன் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்பதையும் மாணவர்கள் அப்போதே உணர்ந்துகொள்வார்கள்.

மண்ணைப் படிப்பது

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஆடி பிறக்கும்வரை ஐந்தாறு வாரங்கள் கிடைக்கின்றன. இந்த வாரங்களை மண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதை போடும் அவசரத்தில் இந்தப் பகுதியைத் தாண்டிவிடும் பள்ளிகள், நல்ல பாடம் ஒன்றை இழந்துவிடுகின்றன.

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படிந்துவிடும். அதன்மேல் வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். தண்ணீர் தெளிந்த பிறகு அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து விழுக்காடாக மாற்றினால், தங்கள் பள்ளி மண் எந்த வகை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். மேலே மிதக்கும் இலைத் துணுக்குகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்; மிதப்பது ஏதுமில்லை என்றால் அந்த மண்ணில் மட்கு குறைவாக இருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும்.

இதோடு, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு மாதிரியும் அனுப்ப வேண்டும். தோட்டத்தில் பத்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்து ஒன்றாகக் கலந்து, நான்கு கூறாக்கி எதிரெதிர்க் கூறுகளை நீக்கி, அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்ட வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் வழியாக உழவர்களுக்குக் கிடைக்கும் அதே வகை முடிவு, அதாவது கார அமிலத் தன்மை, கரிமச் சத்து, தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளின் அளவு, மாணவர் கைக்கும் வரும். அந்தத் தாளைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

மட்குக் குவியல்

மண்ணைச் சோதிக்கும் அதே வாரங்களில் மட்குக் குவியலையும் தொடங்கிவிட வேண்டும். பள்ளி வளாகத்தில் கூட்டி எரிக்கப்படும் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரச் சருகுகள்தான் அதற்கு முதல் மூலப்பொருள். சருகை எரிக்கும் வழக்கத்தை நிறுத்துவதையே தோட்டத்தின் முதல் வெற்றியாகக் கருதலாம். சத்துணவுக் கூடத்தின் காய்கறித் தோலும் முட்டை ஓடும் இரண்டாவது. சமைத்த சோற்றையும் குழம்பையும் குவியலில் போடக் கூடாது. எலியும் நாயும் தேடி வரும்.

அடியில் குச்சிகளைப் பரப்பி, அதன்மேல் அரை அடிக்குச் சருகு, இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பச்சைக் கழிவு, மேலே சாணக்கரைசல் தெளிப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கி, நீளம் அகலம் உயரம் மூன்றும் மூன்றடியாக வரும்வரை எழுப்ப வேண்டும். மூன்றடிக்குக் குறைந்தால் குவியல் சூடேறாமல் போகலாம். ஈரப்பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. மூன்றாம் நான்காம் நாளில் குவியலின் நடுவில் இரும்புக் கம்பியால் துளையிட்டு, குச்சியில் கட்டிய ஆய்வக வெப்பமானியை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதரசம் இல்லாத, சிவப்புத் திரவம் நிரப்பிய வெப்பமானியாக இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவியின் அளவு 42 பாகையோடு முடிந்துவிடுவதால் அது இதற்கு உதவாது. நன்றாக அடுக்கிய குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும். நெருப்பே இல்லாமல் சூடு எங்கிருந்து வந்தது என்று ஏழாம் வகுப்பு மாணவர் கேட்கும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மூச்சுவிடுகின்றன, அந்தச் சுவாசத்தின் வெப்பம்தான் இது என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்த சுவாசித்தல் அந்தத் துளைக்குள் அளக்கக்கூடிய எண்ணாக நிற்கும். நாள்தோறும் வெப்பநிலையை வரைபடத் தாளில் குறித்து, சூடு இறங்கத் தொடங்கியதும் குவியலைக் கிளறிவிட்டால், காற்றுப் புகுந்து மீண்டும் ஏறுவதைக் கோடே காட்டும்.

மட்குத் தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் முதல் பட்டத்துக்கு அது உதவாது. அந்தப் பருவத்துக்கு மட்டும் நன்கு மட்கிய தொழுவுரத்தை ஊரிலிருந்து பெற்றுக்கொண்டு, எத்தனை கூடை வந்தது என்பதை வரவுப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அந்த எண் எவ்வளவு குறைகிறது என்பதே தேர்வு.

விதைப்பு

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பள்ளி நாள்காட்டிக்கும் பொருந்தி வருவது நம் நல்லூழ். ஆடியில் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் அறுவடை கிடைக்கும். பிள்ளைகளின் பொறுமைக்கு ஏற்ப மூன்று வகைப் பயிர்களைக் கலந்து போட வேண்டும்: 25 முதல் 30 நாளில் பறிக்கக்கூடிய சிறுகீரை, தண்டுக்கீரை, 45 நாள் அளவில் காய்க்கத் தொடங்கும் வெண்டை, கொத்தவரை, நாற்றுவிட்டு நட்டுக் காத்திருக்க வேண்டிய கத்தரி, மிளகாய். கீரை முதலில் கைக்கு வந்தால்தான் கத்தரிக்குக் காத்திருக்கும் மனம் வரும்.

விதையை உள்ளூரில் தேடச் சொல்ல வேண்டும். பாட்டி வீட்டுப் பரணில் சாம்பல் கலந்து வைத்த அவரை விதை, பக்கத்து வீட்டுச் சுரைக்குடுவை விதை என்று கொண்டு வரும்போது, விதையோடு அதை விளைவிக்கும் முறையும் பள்ளிக்கு வந்துசேரும். வந்த விதையில் 20ஐ ஈரத்துணியில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணினால் முளைப்பு விழுக்காடு கிடைக்கும். கடையில் வாங்கும் விதை சிவப்பு அல்லது நீல நிறம் ஏற்றியதாக இருந்தால் அது பூசணக்கொல்லி தடவிய விதை. அதை மாணவர் வெறுங்கையால் தொட விடக் கூடாது. இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வளராது என்பதையும் எட்டாம் வகுப்பில் விளக்கலாம். ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டிய தேவை எப்படி உண்டாகிறது என்பது அவர்களுக்கே புரியும்.

ஒரு பாத்தியை எப்போதும் தட்டைப்பயறுக்கோ உளுந்துக்கோ ஒதுக்க வேண்டும். விதைத்து 35 நாள் வாக்கில், பூக்கத் தொடங்கும் நேரத்தில், ஒரு செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசச் சொல்லுங்கள். வேரில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் அங்கே பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஒத்த புரதம்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று சொன்னால் வகுப்பே மௌனமாகும். யூரியா மூட்டை இல்லாமல் தழைச்சத்து வரவான இடம் இது. கணக்கு நோட்டில் ‘காற்றிலிருந்து’ என்று எழுதச் சொல்லலாம். அறுவடைக்குப் பின் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, அடுத்த பட்டத்தில் அதே பாத்தியில் தழைச்சத்தை அதிகம் கேட்கும் கீரையையோ கத்தரியையோ போட வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாத்தியில் வரக் கூடாது.

தண்ணீர்

தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பதை வைத்து, 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1000 லிட்டர் கிடைக்கும் என்று மாணவர்களே கணக்கிடட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 800 லிட்டர் மிஞ்சும்.

மூடாக்கின் பயனைச் சொல்லிப் புரிய வைப்பதைவிட அளந்து காட்டுவது மேல். ஒரே பயிர் நிற்கும் இரண்டு பாத்திகளில் ஒன்றுக்கு மூன்று அங்குலம் சருகு போர்த்தி, மற்றதை வெறுமனே விட்டு, மேல்மண் காயும்போது மட்டும் தண்ணீர் ஊற்றி, எத்தனை குவளை என்று இரண்டு வாரம் எழுதி வரச் சொல்லுங்கள். கொடிப்பயிர்களுக்குப் பானைப் பாசனம் நல்லது: பளபளப்புப் பூச்சு இல்லாத ஐந்து லிட்டர் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் நான்கு விதை ஊன்றி, பானையை நிரப்பி மூடிவைத்தால் வேர் கேட்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் கசியும். கொசு முட்டையிடாதபடி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டு கழுவும் சோப்புத் தண்ணீரைக் கூழாங்கல், மணல், கல்வாழை வழியாகச் செலுத்தி வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்; பச்சையாக உண்ணும் எதற்கும் கீரைக்கும் விடக் கூடாது.

பூச்சி

வாரம் ஒருநாள், தெளிப்பதற்கு முன் பார்ப்பதற்கென்றே ஒரு வகுப்பு வேளையை ஒதுக்க வேண்டும். கைக்கண்ணாடியோடு கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தால் இருவகை வண்டுகள் கிடைக்கும். இரண்டும் அரைக்கோள வடிவம், இரண்டுக்கும் முதுகில் கரும்புள்ளி. ஒன்றின் மேற்புறம் மங்கலாகவும் நுண்ணிய மயிரோடும் இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறத்தில் முள்முள்ளாக இருக்கும். அது தின்ற இலை நரம்பு மட்டும் மிஞ்சி வலைபோல் ஆகிவிடும். அது கத்தரியைத் தாக்கும் எபிலாக்னா வண்டு. மற்றது பளபளப்பாக இருக்கும், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியின் கூட்டத்து நடுவில் திரியும். அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்த மாணவர், கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் கொல்ல மருந்து கேட்க மாட்டார்.

பாத்தி ஓரத்தில் தட்டைப்பயறு இருந்தால் அதில் சேரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். ஆமணக்கு புகையிலைப் புழுவை ஈர்த்துக்கொள்ளும். செண்டுமல்லி தக்காளிக் காய்ப்புழுவைத் தன்பக்கம் இழுக்கும் பொறிப்பயிராகும். மஞ்சள் வண்ணம் பூசி விளக்கெண்ணெய் தடவிய பழைய தகரத்தில் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். வாடிய கத்தரி நுனியைக் கண்டவுடன் கிள்ளி, உள்ளிருக்கும் புழுவோடு அழித்துவிட வேண்டும். நரம்பு மஞ்சளித்த வெண்டைச் செடிக்கு வைத்தியம் இல்லை. பிடுங்கிவிடுவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. இவ்வளவுக்குப் பிறகும் தேவைப்பட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளிக்கலாம். ரசாயனப் பூச்சிக்கொல்லி எதுவும் பள்ளி வளாகத்துக்குள் வரவே கூடாது. இதில் விதிவிலக்குக்கு இடமில்லை.

வேலையைப் பங்கிடுவது

பையன்கள் கொத்துவது, பெண்பிள்ளைகள் கூட்டுவது என்ற பழக்கம் யாரும் சொல்லாமலேயே தோட்டத்துக்குள் நுழைந்துவிடும். சாணம் அள்ளும் வேலை எப்போதும் ஒரே பிள்ளைகளின் தலையில் விழுவதும் நடக்கக்கூடியதே. எந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள் என்பதை ஆசிரியர் கவனிக்காமல் விட்டால், தோட்டம் தீமையைக் கற்பித்துவிடும். எனவே அணிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்து, மட்கு, நீர், பூச்சி, கணக்கு என்ற நான்கு பொறுப்புகளையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றி, அட்டவணையைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். சாணத்தில் ஆசிரியரும் கைவைக்க வேண்டும். தாமதமாக வந்தவருக்கும் வீட்டுப்பாடம் எழுதாதவருக்கும் தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது. செருப்பில்லாமல் யாரும் இறங்கக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவ வேண்டும், மண்வெட்டியை எட்டாம் வகுப்பினர் மட்டும் ஆசிரியர் முன்னிலையில் எடுக்க வேண்டும்.

அறுவடையும் கோடையும்

பறித்த ஒவ்வொன்றையும் எடைபோட்டு நோட்டில் எழுதிய பிறகே சத்துணவு அமைப்பாளரிடம் கொடுக்க வேண்டும். சில பாத்திகளின் விளைச்சல் பள்ளி முழுமைக்கும் நாள்தோறும் போதாது; வாரம் ஒருநாள் கீரைக்கூட்டோ சாம்பாரில் வெண்டையோ என்று திட்டமிட்டால் பிள்ளைகள் தங்கள் விளைச்சலைத் தட்டில் அடையாளம் கண்டுகொள்வார்கள். வெண்டையில் நன்றாக வளர்ந்த இரண்டு செடிகளை அறுவடை செய்யாமல் அடையாளத் துணி கட்டி விட்டு, காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கும் தறுவாயில் எடுத்து, விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, ரகம், தேதி, பாத்தி எண் எழுதி ஒட்ட வேண்டும்.

தைப்பட்டப் பயிர் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும்படி விதைப்பது நல்லது, ஏனென்றால் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்பது பெரும்பாலும் நடவாத காரியம். கடைசி வாரத்தில் மட்கை எல்லாப் பாத்தியிலும் பரப்பி, அரை அடி கனத்துக்குச் சருகு போர்த்தி, மேலே தென்னை மட்டையைக் கிடத்திவிட வேண்டும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் பானை நிரப்ப, பள்ளிக்கு அருகில் வசிக்கும் இரண்டு மூன்று குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம். எட்டாம் வகுப்பினர் பள்ளியை விட்டுச் செல்லும் முன் கணக்கு நோட்டை ஏழாம் வகுப்பினரிடம் ஒப்படைத்து, வரவுப் பக்கத்தில் எதைக் குறைக்க முடியவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஜூனில் மூடாக்கை விலக்கி, சென்ற ஆண்டு எடுத்த அதே பத்து இடங்களிலிருந்து மீண்டும் மண் எடுத்து அனுப்பி, வந்த தாளை முதல் பக்கத்துத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி, கரிமச் சத்து ஏறியிருக்கிறதா என்று புதிய அணி பார்த்துவிட்டுத்தான் ஆடிக்கு எந்தப் பாத்தியில் எந்தப் பயிர் என்பதை முடிவு செய்ய வேண்டும்.